கடைக்கு வெப்சைட்: என்னென்ன வேண்டும், எது யார் பேரில் இருக்க வேண்டும்?

கேள்வி இது: பவானியில் அப்பா ஜமக்காளக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு ஒரு வெப்சைட் போடலாம் என்று இருக்கிறோம். தெரிந்த டிசைனர் ஒருவர், "எல்லாம் சேர்த்து முப்பதாயிரம், நீங்க ஒண்ணும் பார்க்க வேண்டாம்" என்கிறார். ஒரு வெப்சைட் ஓடுவதற்கு அடிப்படையில் என்னென்ன தேவை? இந்தப் பணம் எதற்கெல்லாம் போகிறது?

"நீங்க ஒண்ணும் பார்க்க வேண்டாம்" என்ற சொல்தான் எனக்குப் பயம் தருகிறது. முப்பதாயிரம் அல்ல. சின்னக் கடைகள், பள்ளிகள், மில்கள் என்று பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். தொழில்நுட்பம் தெரியாததால் வெப்சைட்டை இழந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எது யார் பேரில் இருக்கிறது என்று கேட்காமல் விட்டதால் இழந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு உறுப்பையும் சொல்லும்போது, அது யார் பேரில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், கோவையில் ஒருவர் தன் போனில் உங்கள் கடையின் முகவரியைத் தட்டினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். போனுக்கு உங்கள் கடையின் பெயர் புரியாது. அதற்கு வேண்டியது ஐபி முகவரி என்ற எண். அந்த எண்ணைக் கேட்டு, சிம் கம்பெனியின் பெயர் தேடும் சர்வருக்கு, அதாவது கேட்டால் பதில் சொல்லும் கம்ப்யூட்டருக்கு, ஒரு கேள்வி போகிறது. அதற்கும் தெரியாவிட்டால் அது உச்சியில் இருக்கும் ரூட் சர்வரைக் கேட்கும். ரூட், "டாட் இன் பெயர்களா? அவர்களைக் கேள்" என்று காட்டிவிடும். டாட் இன் சர்வர், "இந்தக் கடையின் நேம்சர்வர் இதுதான், அங்கே போ" என்னும். கடைசியில் உங்கள் நேம்சர்வர்தான் எண்ணைச் சொல்லும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் முடியும். பிறகு அந்த எண்ணுள்ள கம்ப்யூட்டரின் 443ஆம் போர்ட்டை, அதாவது வெப்சைட்டுக்கென ஒதுக்கிய எண்ணுள்ள வாசலை, போன் தட்டும். இந்தப் பெயருக்கு உரிய தளம் தான்தான் என்பதற்கு அந்தக் கம்ப்யூட்டர் தன் சான்றிதழைக் காட்டும். போன் சரிபார்த்து, பக்கத்தைக் கேட்கும். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர் புரோகிராம் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும்.

ஆக வேண்டியவை: ஒரு பெயர், அந்தப் பெயரை எண்ணாக்கும் பதிவு, எந்நேரமும் ஓடும் ஒரு கம்ப்யூட்டர், கேட்டால் பதில் சொல்லும் புரோகிராம், ஒரு சான்றிதழ், அப்புறம் உங்கள் எழுத்தும் படமும். வெப்சைட் என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, இவை தனித்தனிப் பொருட்கள். தனித்தனி இடத்தில் வாங்கலாம், தனித்தனியாக மாற்றலாம். இது மனதில் பதிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெயரில் தொடங்குவோம், ஏனென்றால் மற்ற எல்லாம் போனாலும் திரும்பச் செய்துகொள்ளலாம், பெயர் போனால் வராது. இந்தப் பெயரைத்தான் டொமைன் என்பார்கள். அதை "வாங்கினேன்" என்று சொல்கிறோம். உண்மையில் அது குத்தகை. ஒரு வருடத்துக்கு எடுக்கலாம், அதிகபட்சம் ஒரே தடவையில் 10 வருடத்துக்கு எடுக்கலாம், கெடு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். டாட் காம் பெயர்களின் மொத்தப் பதிவேட்டை வெரிசைன் என்ற அமெரிக்கக் கம்பெனி நடத்துகிறது. டாட் இன் பதிவேட்டை நிக்ஸி என்ற இந்திய அமைப்பு நடத்துகிறது. 2005 முதல் டாட் இன் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. நாம் இவர்களிடம் நேரே போவதில்லை, நடுவில் இருக்கும் ரிஜிஸ்ட்ரார் கம்பெனியிடம் பதிவு செய்கிறோம். டாட் காம் என்றால் வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம், டாட் இன் இன்னும் கொஞ்சம் குறைவாக இருக்கும். முதல் வருடச் சலுகை விலையைப் பார்க்காதீர்கள், ரெனீவல் விலை என்ன என்று பாருங்கள்.

பதிவின் போது "ரிஜிஸ்ட்ரண்ட்" என்று ஒரு இடம் வரும். அதுதான் பத்திரத்தில் பெயர் எழுதும் இடம். அங்கே உங்கள் பெயரோ அப்பாவின் பெயரோ இருக்க வேண்டும், உங்கள் இமெயில், உங்கள் போன் நம்பர். டிசைனருடையது கூடவே கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் இதுதான் நடந்தது. தளத்தைச் செய்து கொடுத்தவர் நல்ல மனிதர், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. வசதிக்காகத் தன் அக்கவுண்டிலேயே டொமைனைப் பதிந்து, ஆறு வருடம் அவரே பணம் கட்டிவந்தார். ஏழாம் வருடம் அவர் வெளிநாடு போனார், பழைய நம்பர் நின்றது, கார்டு காலாவதியானது. ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளியின் பெயரைத் தட்டினால் ஏதோ ஒரு சூதாட்ட விளம்பரப் பக்கம் வந்தது. அட்மிஷன் நோட்டீஸ், பேருந்து, காலண்டர் எல்லாவற்றிலும் அந்த முகவரிதான் அச்சாகியிருந்தது. தலைமையாசிரியர் என்னைக் கேட்டது ஒன்றுதான்: "எங்க பள்ளிக்கூடத்துப் பேரு எப்படிங்க வேற ஒருத்தருக்குப் போகும்?" பதிவேட்டில் பள்ளியின் பெயர் ஒருநாளும் இருந்ததே இல்லை என்று நான் எப்படிச் சொல்வது?

பெரிய கம்பெனிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்துவிட்டது. ஹாட்மெயிலுக்குள் போகும் வாசலே அதுதான். பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. அமெரிக்காவில் ஒரு புரோகிராமர் காரணத்தைக் கண்டுபிடித்து, தன் கார்டிலேயே 35 டாலர் கட்டிப் புதுப்பித்த பிறகுதான் சரியானது.

டாட் காம் கெடு முடிந்தால் உடனே பறிபோகாது. பெரும்பாலான ரிஜிஸ்ட்ரார்கள் சில வாரம் வழக்கமான விலைக்கே புதுப்பிக்க விடுவார்கள். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அப்போது பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும். அதையும் தாண்டினால் இன்னும் 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். எந்தப் பெயர் எப்போது விழும் என்று காத்திருந்து பிடிக்கும் கம்பெனிகள் உண்டு.

இரண்டு சின்ன விஷயம், இரண்டிலும் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். டாட் காம் போன்ற பெயர்களைப் பதிந்ததும் இமெயிலை உறுதிசெய்யச் சொல்லி ஒரு லிங்க் வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் பெயரை நிறுத்தி வைத்துவிடுவார்கள். "நேற்றுவரை நன்றாக ஓடியது" என்று கூப்பிடுபவர்களில் சிலருக்கு இதுதான் காரணம். இன்னொன்று, ரிஜிஸ்ட்ரார் அக்கவுண்டுக்குக் கொடுக்கும் இமெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும். ரெனீவல் நினைவூட்டலும் வராது, பாஸ்வேர்டை மீட்கவும் முடியாது. இதற்கு ஜிமெயில் போன்ற வெளி மெயில்தான் சரி.

எந்தப் பெயர்? உங்கள் விஷயத்தில் இது லேசானதல்ல. ஜமக்காளம் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். முதல் எழுத்துக்கு ஜே போடுவார்கள், சரி. அடுத்து ஏ-வா யூ-வா? எம் ஒன்றா இரண்டா? கே ஒன்றா இரண்டா? நீங்கள் போனில் வாயால் சொல்லி, கேட்பவர் பிழையில்லாமல் தட்ட முடிகிறதா என்று நாலு பேரிடம் சோதித்துப் பாருங்கள். கடையின் பெயரோ குடும்பப் பெயரோ சுருக்கமாக இருந்தால் அதையே வைப்பது நல்லது. தமிழிலேயே டொமைன் வைக்கவும் வழி இருக்கிறது. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்தில் நடப்பில் உள்ளன. உள்ளுக்குள் அது ஆங்கில எழுத்துச் சரமாக மாறித்தான் பயணிக்கும், அதனால் சில ஆப்களில் புரியாத எழுத்தாகத் தெரியலாம். தமிழ்ப் பெயரை இரண்டாவதாக எடுத்து முதல் பெயருக்குத் திருப்பிவிடுங்கள் என்பேன்.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது பெயரை எண்ணாக்கும் ஏற்பாடு. பால் மாக்கபெட்ரிஸ் 1983இல் இதை வடிவமைப்பதற்கு முன், நெட்வொர்க்கில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு பைலில் இருந்தன. எல்லாரும் அதை இறக்கிக்கொள்வார்கள். இன்று அவரவர் டொமைனுக்கு அவரவர் பதிவு. வெப்சைட்டுக்கு ஒரு வரி, மெயிலுக்கு ஒரு வரி, இன்னும் சில. வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் தனித்தனி வரி என்பதால், தளம் ஒரு கம்பெனியிலும் மெயில் இன்னொரு கம்பெனியிலும் இருக்கலாம். ஹோஸ்டிங்கை, அதாவது தளம் இருக்கும் இடத்தை, மாற்றினால் மெயில் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெயில் வேறு கம்பெனியில் இருந்தால், மெயில் வரியைத் தொடாமல் மாற்றினால் மெயிலுக்கு ஒன்றும் ஆகாது. மாற்றிய பதிவு எல்லாருக்கும் தெரியச் சில நிமிடமோ சில மணி நேரமோ ஆகும், பழைய பதிலை வழியில் உள்ள சர்வர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருப்பதால். இடம் மாறும் நாளில் பழைய ஹோஸ்டிங்கை உடனே நிறுத்தாமல் ஒரு வாரம் ஓடவிடுங்கள்.

ஹோஸ்டிங் என்பது அந்த எந்நேரமும் ஓடும் கம்ப்யூட்டரில் ஒரு இடம். 1990இன் முடிவில், உலக வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் உலகின் முதல் வெப் சர்வரை நெக்ஸ்ட் என்ற கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஓட்டினார். அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டி, இது சர்வர், அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். யாராவது சுவிட்சை அணைத்தால் அன்றைய உலக வலை முழுதும் அணைந்திருக்கும். நம் வேலைக்கும் அதே நிபந்தனைதான்: அணையாத மின்சாரம், அறுபடாத இணைப்பு. வீட்டில் இதைச் செய்ய முடியாததால்தான், சர்வர்களை வைத்து நடத்தும் டேட்டா சென்டருக்கு வாடகை கொடுக்கிறோம். 99.9 சதவீதம் ஓடும் என்று உறுதி தருகிறார்கள் என்றால், வருடத்தில் எட்டே முக்கால் மணி நேரம் நின்றாலும் அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்கள்தான்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். வருடத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகும், சின்னக் கடைக்குத் தாராளம். "அன்லிமிடெட்" என்று எழுதியிருந்தால் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து, எத்தனை பைல் வைக்கலாம், சிபியு எவ்வளவு எடுக்கலாம் என்று தேடுங்கள், எல்லை கண்டிப்பாக இருக்கும். சர்வர் எந்த ஊரில் என்றும் கேளுங்கள். ஒளியிழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். அமெரிக்கச் சர்வருக்கு ஒருமுறை போய்வர நடைமுறையில் 0.2 நொடிக்கு மேல் ஆகிறது. புதிதாக ஒரு தளத்தைத் திறக்க, முதல் எழுத்து வருவதற்குள் மூன்று முறையாவது போய்வர வேண்டும். மும்பைச் சர்வர் என்றால் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. உங்கள் வாடிக்கையாளர்கள் இந்தியாவில் இருந்தால் சர்வரும் இந்தியாவில் இருக்கட்டும்.

இப்போது என் அபிப்பிராயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இப்போது டேட்டாபேஸ் (தகவல் கிடங்கு) வேண்டாம், வேர்ட்பிரஸ் (தளத்தை நடத்தும் ரெடிமேட் மென்பொருள்) வேண்டாம், ஆன்லைன் பேமென்ட்டும் வேண்டாம். இருபது முப்பது ரகம், விலை, கடையின் படம், தறியின் படம், கடைக்கு வரும் வழி, வாட்ஸ்அப் பொத்தான். இதற்கு, எச்டிஎம்எல் என்ற வெப் பக்க மொழியில் எழுதிய ஆறேழு பக்கம் போதும். இதை ஸ்டாட்டிக் சைட் என்பார்கள். கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியது பைல் மட்டுமே, உள்ளே புகுந்து கெடுக்க அங்கே புரோகிராம் எதுவும் இல்லை. கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்ற இடத்தில் இலவசமாகவே வைக்கலாம். அதுபோன்ற இன்னொரு இடமான கிட்ஹப் பேஜஸும் இலவசம்தான், ஆனால் ஆன்லைன் வியாபாரம் நடத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் விதியே சொல்கிறது. தினம் பத்து ஆர்டர் வந்து, வாட்ஸ்அப்பில் கணக்கு வைக்க முடியாமல் திணறும்போது வேர்ட்பிரஸும், கடை நடத்த அதில் சேர்க்கும் பிளகின் என்ற துணை மென்பொருளும், பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயும் போட்டுக்கொள்ளலாம். அப்போது வேர்ட்பிரஸையும் ஒவ்வொரு பிளகினையும் தவறாமல் அப்டேட் செய்ய ஒரு ஆள் வேண்டும். அப்டேட் செய்யாத பிளகின் வழியாகத்தான் பெரும்பாலும் திருடர்கள் நுழைகிறார்கள். ஜமக்காளக் கடையின் பெயரைக் கூகுளில் தேடினால் அவர்கள் செருகிய மருந்து விளம்பரம் வரும் நிலை வந்துவிடும்.

தமிழில் எழுதப் போகிறீர்கள் என்பதால் இது. எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் பொது முறையான யுனிகோடில், அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் (கம்ப்யூட்டர் சேமிப்பின் சின்ன அலகு) எடுக்கும். "ஜமக்காளம்" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கம்ப்யூட்டருக்குப் புள்ளியும் காலும் தனிக் குறிகள், எனவே ஒன்பது குறி, 27 பைட். பக்கத்தின் முகவரியில் இந்தச் சொல்லை வைத்து, லிங்க்கை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிந்து 81 எழுத்தாக நிற்கலாம். வேர்ட்பிரஸ் இந்த விரிந்த வடிவத்துக்கு 200 எழுத்துதான் இடம் தருகிறது. அதாவது 22 தமிழ்க் குறி. நீளமான தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரி பாதிச் சொல்லில் வெட்டுப்படுவது இதனால்தான். தலைப்பைத் தமிழில் வையுங்கள், முகவரித் துண்டை மட்டும் கையால் சுருக்கி எழுதுங்கள். பழைய விலைப்பட்டியல், யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் அப்படியே ஒட்டாதீர்கள், ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை படித்துத் திருத்திவிட்டு ஒட்டுங்கள். பின்னாளில் டேட்டாபேஸ் வைத்தால் அதன் எழுத்து முறை யூடிஎஃப்8எம்பி4 என்று இருக்கிறதா பாருங்கள். தவறான முறையில் சேமித்த தமிழ் கேள்விக்குறி வரிசையாகிவிடும், பேக்கப் இல்லாவிட்டால் அதை மீட்க முடியாது.

படங்களில்தான் உங்கள் வெப்சைட் ஜெயிக்கும் அல்லது தோற்கும். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி. முப்பது படத்தை அப்படியே ஏற்றினால் பார்ப்பவர் நூறு எம்பிக்கு மேல் இறக்க வேண்டும், பாதியில் மூடிவிட்டுப் போவார். அகலம் 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி என்ற, படத்தைச் சுருக்கும் பைல் வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் வந்துவிடும். ஆனால் ஜமக்காளத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக ஒட்டி வரும் இடத்தில், சுருக்கும்போது நிறம் கோட்டைத் தாண்டிக் கசியும். இந்த வடிவங்கள் வெளிச்சத்தை நுணுக்கமாகவும் நிறத்தைக் கொஞ்சம் கரடாகவும் சேமிப்பதுதான் காரணம். தறியில் கூர்மையாக விழுந்த பட்டை திரையில் சாயம் போனதுபோல் தெரிந்தால், வாங்குபவர் நெய்தவரைத்தான் குறை நினைப்பார். அதனால் தரத்தை மிகவும் குறைக்காதீர்கள். சுருக்கிய படத்தை நிஜ ஜமக்காளத்தின் பக்கத்தில் போனை வைத்து, வாசல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். நூலின் முறுக்கு தெரிய ஒரு கிட்டத்துப் படமும் எடுங்கள்.

சான்றிதழுக்கு, அதாவது எஸ்எஸ்எல்லுக்கு, பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, நல்ல ஹோஸ்டிங் எல்லாவற்றிலும் தானாகவே போட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறது. 2018 ஜூலை முதல் சான்றிதழ் இல்லாத தளத்தை குரோம் "பாதுகாப்பற்றது" என்று காட்டுகிறது. இலவசச் சான்றிதழ் அதிகபட்சம் 90 நாள்தான் தாங்கும். 2029இல் எந்தச் சான்றிதழும் 47 நாளுக்கு மேல் செல்லாது என்று உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டன. ஆகவே கையால் புதுப்பிக்கும் ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளாதீர்கள், தானாகப் புதுப்பிக்கும்படி இருக்க வேண்டும்.

பேக்கப் பற்றி ஒரு சம்பவம் சொன்னால் போதும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. லட்சக்கணக்கான தளங்கள் நின்றன. பேக்கப் எடுத்தும் அதை அதே இடத்தில் வைத்திருந்த சிலருக்கு அதுவும் சேர்ந்து போனது. ஹோஸ்டிங் கம்பெனி தினமும் பேக்கப் எடுக்கிறது என்றாலும், மாதம் ஒருமுறை முழுப் பிரதியை உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு பென் டிரைவிலும் இறக்கி வையுங்கள். ஸ்டாட்டிக் சைட் என்றால் அது ஒரே ஒரு போல்டர். வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியைத் திறந்து, தளம் அதிலிருந்து எழுந்து வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கணக்குக்கு வருவோம். நான் சொன்னபடி போனால் டொமைனுக்கு ஆயிரத்துச் சொச்சம், ஹோஸ்டிங்குக்கு ஒன்றுமில்லை அல்லது இரண்டு மூன்றாயிரம், சான்றிதழ் இலவசம். முப்பதாயிரத்தில் ஒரு வருடத்துக்குப் பொருளுக்குப் போவது ஐந்தாயிரத்துக்குள்தான். மீதி உழைப்புக்கு. அதை நான் குறை சொல்லமாட்டேன். இருபது ரகத்தையும் ஒழுங்காகப் படமெடுத்து, நிறம் சரிபார்த்து, போனில் படிக்கிற மாதிரி பக்கம் கட்டி, விவரம் எழுதித் தருகிறார் என்றால் அது நியாயமான கூலிதான். பேரம் பேசி அவரைக் குறைக்காதீர்கள்.

ஆனால் டொமைனை அவர் பதிய வேண்டாம். அவரிடம் சொல்லிவிட்டு, நீங்களே உங்கள் ஜிமெயிலில், அப்பாவின் பெயரில், மூன்று வருடத்துக்குப் பதியுங்கள். ஹோஸ்டிங் அக்கவுண்டும் உங்கள் பெயரில் திறந்து, அவருக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுங்கள். நல்ல டிசைனர் இதற்கு வருத்தப்படமாட்டார், அவருக்கும் பொறுப்பு குறைகிறது. பிறகு கடையின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, டொமைன் எந்தக் கம்பெனி, எந்த இமெயில், ஓடிபி யார் போனுக்கு வரும், கெடு எந்தத் தேதி, ஹோஸ்டிங் எங்கே, பேக்கப் எந்த அலமாரியில் என்று எழுதி, அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.